குறுக்கே இருந்தால் திறப்பு

நாற்றம் வந்த பிறகுதான் அவளுக்கென்று ஒரு வேலை கிடைத்தது.

அதுவரை எல்லாவற்றையும் மற்றவர்களே செய்துகொண்டிருந்தார்கள். அவள் கணவரை யாருடைய படகிலிருந்தோ தூக்கி வந்தார்கள். சொல்ல வேண்டியவர்களுக்குச் சொன்னார்கள். வந்தவர்களுக்கு டீ போட்டார்கள். யாரோ விட்டுப்போன குடையைத் தேடி எடுத்துக் கொடுத்தார்கள். அவள் செய்தது ஒன்றுதான். யார் எது கேட்டாலும் "சரி" என்றாள். மூக்குக்கண்ணாடியையும் அவரோடு அனுப்பிவிடலாமா என்றார்கள், சரி. சட்டைகளை யாருக்காவது கொடுத்துவிடலாமா, சரி. "படகை வித்துடலாம்க்கா, எங்க மாடி ரூம் சும்மாத்தான் கெடக்கு, வந்து இரு" என்று தம்பி சொன்னபோதும், டீக்கு இன்னும் கொஞ்சம் சர்க்கரை போடட்டுமா என்று கேட்டவருக்குச் சொன்ன அதே குரலில், "சரி" என்றாள்.

அந்தப் படகுதான் வீடு. படகு பழுதுபார்க்கும் தளத்துக்குப் பின்னால், தண்ணீர் அசையாமல் கிடக்கும் கால்வாயில், ஒன்றோடொன்று மோதாமல் இருக்கப் பழைய டயர்களைத் தொங்கவிட்டிருக்கும் படகு வரிசையில், கடைசிக்கு முந்தியது. ஒரு காலத்தில் ஆட்களை அக்கரைக்கு ஏற்றிப்போனது. எஞ்சின் செத்துச் சும்மா கிடந்ததை அவர் வாங்கி, எஞ்சினுக்கு உயிர் கொடுத்து, பெஞ்சுகளைப் பிடுங்கிவிட்டுக் கட்டிலும் அடுப்பும் போட்டார். கல்யாணமான புதிதில், கொஞ்ச நாள் இதில் இருந்துவிட்டுத் தரையில் வீடு பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் பேச்சு. அப்புறம் அவள் கேட்கும்போதெல்லாம் அவர் "நாளைக்குப் பார்ப்போம்" என்றார். கேட்டுக் கேட்டு, ஒரு கட்டத்தில் படகின் மெல்லிய ஆட்டம் இல்லாமல் அவளுக்கே தூக்கம் வராமல் போயிற்று.

தளத்தில் அவர் பெயரே 'நாளை'தான். எஞ்சின் மெக்கானிக் எங்கே என்று கேட்டால் யோசிப்பார்கள். நாளை எங்கே என்று கேட்டால் உடனே கை காட்டுவார்கள். "நாளை இன்னைக்கு வருவாரா?" என்று போனில் யாராவது கேட்பதும், இந்தப் பக்கம் இருப்பவர்கள் சிரிப்பதும் வாடிக்கை. இத்தனைக்கும் அடுத்தவர் படகென்றால் கையோடு முடித்துவிடுவார். சொந்தப் படகுக்குத்தான் நாளை.

கடைசியிலும் அடுத்தவர் படகில்தான். எஞ்சின் முன்னால் மண்டியிட்டு, அதன் மேல் நெற்றியை வைத்தபடி இருந்தாராம். எஞ்சினின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்கிறார் என்று நினைத்து, படகுக்காரர் பேசாமல் டீயை வைத்துக்கொண்டு காத்திருந்தாராம். டீ ஆறிய பிறகுதான் தோளைத் தொட்டிருக்கிறார்.

அன்று காலை அவள் கரைக் குழாயில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது அவர் வேலைக்குப் போய்விட்டிருந்தார். கழிப்பறைத் தரையில் ஒரு ஸ்பேனர் கிடந்தது. பக்கத்தில் மினுமினுவென்று கொஞ்சம் தூள். எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்கத் தெரியாத மனுஷன் என்று முணுமுணுத்தபடி, தூளைப் பெருக்கித் தள்ளி, ஸ்பேனரைப் பெட்டியில் போட்டாள். சாயங்காலம் வந்ததும் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். அந்தச் சண்டை அப்படியே மிச்சம் நின்றது.

பிறகு சில வாரங்களில் நாற்றம் ஆரம்பித்தது. முதலில் கால்வாய்தான் நாறுகிறது என்று நினைத்தாள். கழிப்பறைத் தரைப்பலகை நசநசவென்று ஈரமானதும் புரிந்தது. துடைத்தாள். மறுபடி ஈரம். மறுபடி துடைத்தாள். துடைக்கும் நேரத்தில் வேறு எதையும் நினைக்க வேண்டியிருக்கவில்லை. உண்மையில் துடைக்காத நேரத்திலும் அவள் எதையும் நினைக்கவில்லை.

படகைப் பார்க்க ஒரு தம்பதி மத்தியானம் வருவதாக ஏற்பாடு. அன்று காலையில் தம்பி கருவிப் பையோடு வந்தான். மழை பெய்யலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருக்கும் வானம். காற்றே இல்லை. அவன் நகரத்தில் அடுக்குமாடி வீடுகளுக்குக் குழாய் வேலை செய்கிறவன். ஏணியில் இறங்கும்போது, எப்போதும் இடித்துக்கொள்ளும் அதே சட்டத்தில் தலையை இடித்துக்கொண்டான்.

"அம்மாடி! என்னக்கா இது? மூக்கைக் கழட்டி வெளிய வச்சிட்டு வந்திருக்கணும் போல."

"வா. டீ இருக்கு."

"இந்த வாடையில டீயா? மொதல்ல இதைப் பார்ப்போம். இப்படியே காட்டினா, படகைச் சும்மா குடுத்தாக்கூட வேணாம்னு ஓடிடுவாங்க."

"சரி."

கழிப்பறை அலமாரி அளவுதான் இருக்கும். உட்கார்ந்தால் முட்டி கதவில் படும். பீங்கான் கோப்பை, அதன் பக்கவாட்டில் இழுத்து இழுத்து அடிக்கிற கைப்பம்ப். கோப்பைக்குப் பின்னாலிருந்து தடித்த வெள்ளை ஹோஸ் ஒன்று கிளம்பி, சுவரில் வளைந்து மேலே ஏறி, மறுபடி இறங்கி, படகின் அடிப்பலகையில் பொருத்திய வால்வில் போய்ச் சேரும். வால்வுக்கு அந்தப் பக்கம் கால்வாய்.

தம்பி குந்தி உட்கார்ந்து டார்ச் அடித்துப் பார்த்தான். "வீட்டு கக்கூஸ்னா தண்ணி கீழ போகும். போனா போனதுதான். இதுல கீழயும்ல தண்ணி நிக்குது. இதுக்குள்ள எப்படித்தான் இத்தனை வருஷம் குடும்பம் நடத்துனீங்களோ."

"கக்கூஸுக்குள்ள யாருடா குடும்பம் நடத்துனா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். அக்காவின் வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியம் வந்து ரொம்ப நாளாகிறது. ஆனால் அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. பழைய அலமாரியைத் திறக்கும்போது தானாக உருண்டு விழும் பொத்தானைப் போல அது விழுந்திருந்தது, அவ்வளவுதான்.

"எப்பலேர்ந்து ஒழுகுது?"

"அவர் போனதுக்கப்புறம்."

"அதுக்கு முன்னாடி ஒழுகவே இல்லையா?"

"இல்ல."

"அப்ப ஆள் போன துக்கத்துல கக்கூஸும் அழ ஆரம்பிச்சிடுச்சு" என்று சொன்னவன், சொல்லி முடிப்பதற்குள் நாக்கைக் கடித்துக்கொண்டான். "விடுக்கா, வாய் சும்மா இருக்காது எனக்கு."

அவளுக்குக் கோபம் வரவில்லை. கெட்டிலின் மூக்கிலிருந்து ஆவி வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவன் டாய்லெட் பேப்பரைக் கிழித்து ஹோஸின் ஒவ்வொரு இணைப்பிலும் சுற்றினான். எந்தத் தாள் நனைகிறதோ அங்கேதான் ஓட்டை. "இப்ப நீ பம்ப் அடி. நான் பார்க்கறேன்."

அவள் கோப்பைக்குப் பின்னால் கைவிட்டு, கண்ணால் பார்க்காமலேயே வால்வின் கைப்பிடியைத் திருப்பினாள். பிறகு பம்பை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பின் பாரத்தை எல்லாம் கொடுத்து அமுக்கினாள். அது மெல்ல, வேண்டாவெறுப்பாக இறங்கியது.

"ஏன்க்கா, இவ்வளவு கனமாவா இருக்கும்?"

"முன்ன இப்படி இல்ல. இப்ப எனக்கு எல்லாமே கனமாத்தான் இருக்கு. ஏணி ஏறினாக்கூட மூச்சு வாங்குது."

"ஒழுங்கா சாப்புடுறியா?"

"சரி."

"சாப்புடுறியான்னு கேட்டா சரிங்கறே!"

வால்வோடு ஹோஸ் சேரும் இடத்தில் சுற்றிய தாள் பழுப்பாக நனைந்து, கழன்று விழுந்தது. "ஆள் இங்கதான் ஒளிஞ்சிருக்கார்" என்றான் தம்பி. அந்த இடத்தை இரண்டு கிளிப்புகள் இறுக்கிப் பிடித்திருந்தன. ஒன்று துருப்பிடித்து இற்றுப்போயிருந்தது. ஹோஸைக் கழற்றி, நுனியை வெட்டிவிட்டு, புது கிளிப் போட்டால் முடிந்தது. "வால்வை மூடுக்கா."

அவள் மறுபடி கைவிட்டுத் திருப்பினாள்.

அவன் டார்ச்சை அருகில் கொண்டுபோனான். "அக்கா, கைப்பிடி குழாயோட நேரா நிக்குது. இது திறந்துல்ல இருக்கு?"

"நேரா இருந்தா மூடல். குறுக்கே இருந்தா திறப்பு."

"உலகத்துல இருக்கற எல்லா வால்வும் குறுக்கே இருந்தா மூடல்க்கா."

"இந்த வீட்டுல அப்படி இல்ல."

அன்று அவள் அழுத்தமாகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். அந்தக் கதையை அவள் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள். பழைய கைப்பிடி துருவேறி ஒடிந்தபோது, அவர் எங்கிருந்தோ வேறொரு கைப்பிடியைக் கொண்டுவந்து மாட்டினார். அது நீளம். சரியான பக்கம் மாட்டினால் படகின் விலாச் சட்டத்தில் இடித்தது. அதனால் தற்காலிகமாக மாற்றி மாட்டினார். வெட்டிக் குட்டையாக்கிச் சரியாக மாட்டிவிடுகிறேன் என்றார். எப்போது என்று அவள் கேட்டாள். வேறெப்போது? படகுக்கு விருந்தாளி வந்தால் வணக்கம் சொன்ன கையோடு அவள் சொல்லும் முதல் விஷயம், "குறுக்கே இருந்தா திறப்பு, மறந்துடாதீங்க" என்பதாக ஆயிற்று. வருஷக்கணக்காக அவர்கள் போட்ட சண்டைகளில் பாதி எங்கே தொடங்கினாலும் இந்தக் கைப்பிடியில் வந்துதான் முடியும்.

தம்பி தலையை ஆட்டினான். "மச்சான் அகராதியில நாளைக்குன்னா என்னைக்குமே இல்லைன்னு அர்த்தம். அது எனக்கே தெரியும். எங்க வீட்டு மோட்டாரைப் பார்க்க வரேன்னு சொன்னவரு... சரி விடு. இத்தனை வருஷமா புழங்கறவ நீ. நீ சொன்னா சரி."

அவள் கெட்டில் வெந்நீரில் துணியை நனைத்துக் கொடுத்தாள். அவன் அதை ஹோஸின் மேல் சுற்றி இறுகிய ரப்பரை இளக வைத்தான். துருப்பிடித்த கிளிப்பின் திருகு சுற்றவில்லை. திருப்புளி நழுவி நழுவி வந்தது. எண்ணெய் விட்டான். திட்டினான். மறுபடி எண்ணெய் விட்டான். கிளிப் உடைந்தே வந்தது, அவன் உள்ளங்கையை ஒரு கீறு கீறிவிட்டு. இரண்டாவது கிளிப் சமர்த்தாகக் கழன்றது. ஹோஸை இரு கைகளாலும் பிடித்து, பாட்டில் மூடியைத் திருகுவதுபோல் இப்படியும் அப்படியும் திருகினான்.

"வா ராசா, வா. வெளிய வா."

ஹோஸ் வெளியே வந்தது. அதன் பின்னால் கால்வாயும் வந்தது.

மணிக்கட்டுத் தடிமனில் தண்ணீர் எழும்பி அவன் நெஞ்சில் அடித்தது. பச்சையாக, குளிராக, சத்தமே இல்லாமல் வந்ததுதான் விசித்திரம். சத்தம் போட்டதெல்லாம் அவன்தான். "ஐயோ! மூடு! மூடுக்கா!"

"மூடித்தான்டா இருக்கு!"

"எங்க மூடியிருக்கு? ஆறு வருது! குறுக்கே திருப்பு!"

"குறுக்கே திருப்பினா இன்னும் திறந்துக்கும்டா!"

"இதுக்கு மேல என்னத்தைக்கா திறக்கறது!"

அவன் உள்ளங்கையால் வாயை அடைத்தான். விரலிடுக்கு வழியே தண்ணீர் விசிறியாகப் பிரிந்து சுவர், கூரை, அவள் முகம் என்று அடித்தது. தரைப்பலகை மறைந்தது. அவளுடைய செருப்பு ஒன்று மிதந்து, நிதானமாக, அடுப்படியைப் பார்த்துப் போயிற்று. அந்தச் செருப்பைப் பார்த்த நொடியில், இந்தப் படகு முழுகப்போகிறது என்று அவளுக்குப் புரிந்தது. கட்டில், அடுப்பு, அவர் ஓயாமல் தலை இடித்துக்கொண்ட சட்டம், எல்லாம். விற்பதற்குச் சரி என்றவள்தான். முழுகுவதற்குச் சரி என்று வாயில் வரவில்லை.

வால்வின் கழுத்தில் கயிறு கட்டி ஒரு கூம்பு மரக்கட்டை தொங்கும். எல்லாப் படகிலும் உண்டு. அதற்குப் பெயர் ஆப்பு. அவள் கயிற்றோடு அதை இழுத்தாள். "கைய எடு!" என்றாள். அவன் எடுத்தான். தண்ணீரின் நடுவே கூர்முனையைக் குத்தி, பக்கத்தில் கிடந்த திருப்புளியின் பிடியால் ஓங்கி ஓங்கி அடித்தாள். விசிறி சுருங்கியது. நூலானது. பிறகு துளித்துளியாகச் சொட்டியது.

மூச்சு வாங்கிக்கொண்டு தம்பி கைநீட்டி, கைப்பிடியைக் குறுக்கே திருப்பினான். அவள் தடுக்க வாய் திறந்தாள். சொட்டிக்கொண்டிருந்ததும் நின்றுபோனது.

இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெளியே தடதடவென்று ஓடிவரும் சத்தம். பக்கத்துப் படகு பெயிண்டர், கையில் வாளியோடு ஏணியில் இறங்கினார். படகு அடிகளுக்குச் சாயம் பூசிப் பூசி அவர் விரல்கள் எப்போதும் நீலமாகவே இருக்கும். "என்ன தங்கச்சி, கூச்சல்? முழுகிட்டீங்களோன்னு பயந்துட்டேன்."

"எங்க மச்சான் எனக்கு ஆப்பு வச்சுட்டுப் போயிருக்காருண்ணே" என்றான் தம்பி. தாடையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

அவள் டார்ச்சை வாங்கி, கோப்பைக்குப் பின்னால் குனிந்து பார்த்தாள். இத்தனை நாளும் கையால் மட்டுமே தொட்டதை இப்போதுதான் கண்ணால் பார்க்கிறாள். கைப்பிடி குட்டையாக இருந்தது. வெட்டிய முனையில் பிசிறில்லை. கையைக் கிழிக்காதபடி அரம் போட்டு உருட்டியிருந்தது. அதைப் பிடித்திருந்த நட்டு புதிது. கைப்பிடியைத் திருப்பிப் பார்த்தாள். விலாச் சட்டத்தில் இடிக்காமல் சுற்றியது.

"இது குட்டையா இருக்கு" என்றாள்.

"என்னது?"

"வெட்டியிருக்காரு. மாத்தி மாட்டியிருக்காரு."

"எப்ப?"

அவள் தரையைப் பார்த்தாள். மினுமினுத்த தூளை அவள்தானே பெருக்கித் தள்ளினாள்.

பெயிண்டர் வாளியைக் கீழே வைத்தார். "அன்னைக்குக் காலையிலதான் தங்கச்சி. உள்ளேர்ந்து ரம்பம் போடற சத்தம் கேட்டுச்சு. 'என்ன நாளை, சொந்தப் படகுலயா வேலை?'ன்னு கேட்டேன். 'நாளைக்குன்னு சொன்ன நாளு இன்னைக்குத்தான் வந்துச்சுண்ணே'ன்னாரு. சிரிச்சாரு. எந்த வேலைன்னு நானும் கேக்கல. அப்புறம் நடந்ததுல எனக்கு எல்லாமே மறந்துபோச்சு."

தம்பி ஈரச் சட்டையைப் பிழிந்துகொண்டே ஏதோ கணக்குப் போட்டான். அவன் தொழில் மூளை விழித்துக்கொண்டிருந்தது. "அப்ப இவ்வளவு நாளா நீ திறக்கறதா நினைச்சு மூடிட்டு பம்ப் அடிச்சிருக்கே. உள்ள போனதுக்குப் போக வழி இல்ல. முட்டி முட்டி, வீக்கா இருந்த கிளிப் வழியா பிச்சுக்கிட்டு வந்திருக்கு. மூடறதா நினைச்சு நீ திறந்ததும் மெல்ல வடிஞ்சிருக்கு. ஒழுகினதுக்குக் காரணம் கிளிப் இல்லக்கா. நீதான்."

"அதான் பம்ப் கனமா இருந்துச்சா?"

"கனமா இல்லாம? சுவரைப் புடிச்சுத் தள்ளியிருக்கே இவ்வளவு நாளா."

"எனக்குத்தான் உடம்பு ஓஞ்சுபோச்சுன்னு நினைச்சேன்."

அதை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் தம்பி சட்டையைப் பிழிவதை நிறுத்தினான். பெயிண்டர் வாளியை எடுத்துத் தண்ணீரை மொண்டு, ஏணிப்படியில் ஏறி வெளியே ஊற்றத் தொடங்கினார்.

மீதி வேலையை அவளே செய்தாள். தம்பியின் உள்ளங்கையில் ரத்தம் நிற்கவில்லை. துணி சுற்றிக்கொண்டு டார்ச் மட்டும் பிடித்தான். இறுகிக் கட்டையாகிப்போன ஹோஸ் நுனியைக் கத்தியால் நேராக வெட்டி எறிந்தாள். புது கிளிப் இரண்டையும் முதலிலேயே ஹோஸில் கோத்துக்கொண்டாள். "அதை மறந்துட்டுத்தான் பாதிப் பேரு ரெண்டு தடவை வேலை செய்வான்" என்றான் தம்பி. நுனியை வெந்நீரில் முக்கினாள். வால்வின் மூக்கில் சோப்பைத் தடவினாள். கைப்பிடி குறுக்கே இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்து, மறுமுறை பார்த்து, ஆப்பைப் பிடுங்கினாள். ஒரு சொட்டும் வரவில்லை. ஹோஸைத் திருகித் திருகி அடிவரைக்கும் ஏற்றினாள். இரண்டு கிளிப்பின் திருகுகளும் எதிரெதிர்ப் பக்கம் இருக்குமாறு வைத்து, கொஞ்சம் இதை, கொஞ்சம் அதை என்று மாற்றி மாற்றி முடுக்கினாள்.

"போதும், ரொம்ப முடுக்கினா ஹோஸ் வெட்டிக்கும்."

"தெரியும்."

புதுத் தாளைச் சுற்றினாள். கைப்பிடியை நேராக வைத்தாள். பம்பைப் பிடித்து, பழக்கத்தில் உடம்பின் பாரத்தை எல்லாம் கொடுத்து அமுக்கினாள். எதிர்ப்பே இல்லாமல் அது சரேலென்று அடிவரைக்கும் போக, நிலைதடுமாறிச் சுவரில் தோளை இடித்துக்கொண்டாள். ஒற்றைக் கையால் அடித்துப் பார்த்தாள். போயிற்று. இரண்டு விரலால் அடித்தாள். அப்போதும் போயிற்று. கோப்பையில் நல்ல தண்ணீர் சுழன்று சுழன்று இறங்கியது. அவள் அடித்துக்கொண்டே இருந்தாள்.

"தாள் காய்ஞ்சுதான் இருக்கு. போதும்க்கா."

அவள் நிறுத்தவில்லை. மேலே பலகைமீது மழை விழ ஆரம்பித்தது. யோசித்து யோசித்து ஒருவழியாக வானம் முடிவெடுத்திருந்தது.

தம்பியின் போன் அடித்தது. பேசிவிட்டு, போனைக் கையால் பொத்திக்கொண்டான். "அவங்க கிளம்பிட்டாங்களாம்க்கா. மழையிலயும் வரேங்கறாங்க. நாத்தமும் குறைஞ்சிடுச்சு, தரையைத் துடைச்சுட்டா போதும். வரச் சொல்லிடட்டுமா?" அவள் வாயிலிருந்து வரப்போகிற வார்த்தை தெரியும் என்பதால், போனை ஏற்கெனவே காதருகே கொண்டுபோயிருந்தான்.

அவள் பம்பை விட்டுவிட்டு, வால்வை மூடக் கோப்பைக்குப் பின்னால் கைவிட்டாள். கைப்பிடி நேராக இருந்தது. நேராகத்தானே இருக்கிறது என்று கை திரும்பத் தொடங்கியது. பாதி வழியில் நின்றது. மறுபடி உள்ளே போய், கைப்பிடியைக் குறுக்கே திருப்பியது. வெட்டிய முனையின் வழவழப்பைக் கட்டைவிரல் தடவிக்கொண்டே இருந்தது.

"இல்லடா" என்றாள். "கை இன்னும் பழகல. பழகணும்."

"என்னக்கா சொல்றே? அவங்க லைன்ல இருக்காங்க. என்னன்னு சொல்ல?"

"நாளைக்குன்னு சொல்லு."